சமூக அறிவியல் ஆசிரியராக எத்தனை வழிகள்? தகுதித் தேர்வும் தளர்வும் தற்காலிக நியமனமும்

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்துகிறவரே அரசமைப்புச் சட்டத்தையும் வருணப் பாகுபாட்டையும் இடஒதுக்கீட்டையும் பிள்ளைகளுக்கு முதன்முதலில் விளக்குகிறார். அந்தப் பாடத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போகும் வகுப்பறைகளில் நம்மில் பலர் அமர்ந்திருக்கிறோம். ஆகவே, இந்தப் பணிக்குள் யார், எந்த வாயில் வழியாக நுழைகிறார்கள் என்பதை நிர்வாக விவரமாக மட்டும் நாம் பார்க்க இயலாது.

சட்டம் வகுத்துள்ள வாயில் ஒன்றுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 23(1), ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வரையறுக்கும் அதிகாரத்தை மத்திய அரசு அறிவிக்கும் கல்வி அமைப்புக்கு அளித்தது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. பட்டம், பி.எட்., அதன்மேல் டெட். அதே குழுமத்தின் 2014 ஒழுங்குமுறைகளால் பி.எட். படிப்பு ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது. கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு அது இன்னோர் ஆண்டுக் கட்டணம், இன்னோர் ஆண்டு வருமான இழப்பு. அந்த மாற்றத்தின்போது இந்தக் கணக்கைப் பேசியவர்கள் மிகச் சிலரே.

டெட் இரண்டாம் தாளின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண். அதில் சமூக அறிவியலுக்கு 60 மட்டுமே. எஞ்சிய 90, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம் என முப்பது முப்பதாகப் பிரிகிறது. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் வரலாறு படித்த முதல் தலைமுறைப் பட்டதாரி தன் பாடத்தில் 50 எடுத்துவிட்டு ஆங்கிலப் பகுதியில் சறுக்கித் தோற்பதை நாங்கள் மீண்டும் மீண்டும் பார்க்கிறோம். தமிழ்வழியில் சோழர் காலத்தை நடத்தப்போகிறவருக்கு ஆங்கில இலக்கணம் ஏன் இவ்வளவு பெரிய தடையாக வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை நிறைவான விடை இல்லை.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். 2,448 பேர் தேர்ச்சி பெற்றனர். ஒன்றரை மணி நேரத்தில் 150 வினாக்கள். குறை எழுதியவர்களிடம் மட்டும் இருந்திருக்க முடியாது என்பதை அரசும் உணர்ந்தது. அதே ஆண்டு நடந்த துணைத் தேர்வுக்கு நேரம் மூன்று மணியாக உயர்த்தப்பட்டது. ஆனால் 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் என்ற எல்லை எல்லோருக்கும் ஒன்றாகவே நீடித்தது. ஒடுக்கப்பட்ட பிரிவினருக்குச் சலுகை அளிக்கலாம் எனக் குழுமத்தின் 2011 பிப்ரவரி வழிகாட்டு நெறிமுறைகள் கூறியிருந்தும், மூன்றாண்டுகள் கழித்தே மாநில அரசு அதைக் கையில் எடுத்தது.

2014 பிப்ரவரி 6 நாளிட்ட அரசாணை எண் 25, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தேர்ச்சி எல்லையை 55 விழுக்காடாகக் குறைத்தது. 150இல் 55 விழுக்காடு 82.5 ஆகும்; அரசாணை அதை 82 என்று நிர்ணயித்தது. 2013 ஆகஸ்டில் நடந்த தேர்வுக்கும் இது பொருந்தியதால் வழக்குகள் குவிந்தன. மதுரைக் கிளை அரசாணையை இரத்து செய்தது. சென்னை அமர்வு அதை ஏற்றது. 2016 நவம்பர் 9 அன்று, வி. லாவண்யா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லும் என்று உறுதிசெய்தது. ‘ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றினார்கள்’ என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

ஆனால் அதே தீர்ப்பு அரசாணை எண் 71ஐயும் உறுதிசெய்தது. எங்களுக்கு உடன்பாடில்லாத பகுதி இதுவே. அந்த ஆணைப்படி பணி நியமனத்துக்கான நூறில் டெட் மதிப்பெண்ணுக்கு 60, மேல்நிலைத் தேர்வுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15 என்று ‘வெயிட்டேஜ்’ கணக்கிடப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பற்றாக்குறையுள்ள கிராமப் பள்ளியில் எழுதிய மேல்நிலைத் தேர்வு, வேலை வாங்கும் நாளில் வந்து வழிமறித்தது. ஒரு கையால் கொடுத்த ஐந்து விழுக்காட்டை மறு கையால் பிடுங்கிய ஏற்பாடு அது. 2018ஆம் ஆண்டின் அரசாணை எண் 149 அதைக் கைவிட்டு, டெட் என்பது தகுதி மட்டுமே, நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு என்று மாற்றியது. இழந்தவர்கள் இழந்ததுதான்.

‘தளர்வு பெற்றவர் தரம் குறைந்தவர்’ என்ற பேச்சைக் கல்லூரி வளாகங்களில் இன்றும் கேட்கிறோம். இதற்குச் சட்டத்திலேயே விடை உண்டு. 2016 அக்டோபரில், இராஜஸ்தானிலிருந்து எழுந்த விகாஸ் சங்க்லா வழக்கில், டெட் தேர்ச்சியில் சலுகை பெற்றவர் பணித் தேர்வில் தன் மதிப்பெண்ணால் முன்னே வந்தால் அவரைப் பொதுப்பிரிவு இடத்தில் கருதத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தகுதித் தேர்வு வாயிலைத் திறப்பது மட்டுமே. தரவரிசை அதற்குப் பிந்தைய தேர்வில் முடிவாகிறது. 82 எடுத்து டெட் தேர்ச்சி பெற்றதாலேயே பொதுப்பிரிவில் இடமில்லை என்று யாரேனும் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, ‘மாற்று வழி’ என்ற பெயரில் நடைமுறையில் இருப்பதைப் பார்ப்போம். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. மதுரைக் கிளை தலையிட்ட பின் நெறிமுறைகள் திருத்தப்பட்டு, டெட் தேர்ச்சி பெற்றோருக்கு முன்னுரிமை வந்தது. ஆனாலும் நியமன அலகு ஒரு பள்ளி, ஓரிடம் என்று சுருங்கும்போது இனச்சுழற்சிக்கு அங்கே இடமேது? ஊரில் செல்வாக்குள்ள சாதி குழுவிலும் செல்வாக்குடன் இருக்கும் கிராமத்தில், சேரியிலிருந்து வந்த பட்டதாரியின் விண்ணப்பம் எந்த வரிசையில் வைக்கப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மத்திய அரசுப் பணிகளில் 45 நாள்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்று 2022 நவம்பர் குறிப்பாணை மீண்டும் வலியுறுத்தியது. அந்த நெறி மாநிலப் பள்ளிகளுக்கும் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரம் கோருவதற்கோ 2006ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. பின்வாசல் வழியாக உள்ளே விட்டு, பின்வாசல் வழியாகவே வெளியே அனுப்பும் பாதை இது.

சட்டத்துக்குள் மாற்று வழிக்கு இடமே இல்லையா? இருந்தது. பிரிவு 23(2), பயிற்சி பெற்றவர்கள் போதாத மாநிலங்களில் ஐந்தாண்டுக்கு மிகாமல் தகுதியைத் தளர்த்த மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. 2017 திருத்தம் பணியிலிருந்தோருக்கு 2019 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தது. அவர்களுக்காகத் திறந்தநிலைப் பள்ளி நடத்திய பதினெட்டு மாதப் பட்டயம், புதிய நியமனங்களில் ஈராண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்று வழியில் நடந்தவர் பாதி தொலைவில் நிறுத்தப்படுவது புதிதல்ல. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் ஈராண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்கிறது.

பயிற்சியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தலித் குழந்தைகள் படிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத்தான் சிறந்த ஆசிரியர் வேண்டும். ஊதியத்துடன் கூடிய பள்ளிவழிப் பயிற்சி, அதன் முடிவில் முறையான பி.எட். சான்று, சேர்க்கையிலேயே அருந்ததியர் உள்ஒதுக்கீடு உள்ளிட்ட முழு இனச்சுழற்சி ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் அதை மாற்று வழி என்று ஏற்கலாம். இதற்குக் குழுமத்தின் ஒப்புதல் தேவை. அதை மாநில அரசுதான் கேட்க வேண்டும். பாடத் தகுதியையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 2023 அக்டோபர் அறிவிக்கையில் சமூக அறிவியலுக்கான பட்டதாரி ஆசிரியர் இடங்கள் வரலாறு, புவியியல் என்ற இரு பாடங்களின் கீழேயே வந்தன. அரசமைப்பைப் படித்த அரசியல் அறிவியல் பட்டதாரி குடிமையியல் நடத்தத் தகுதியற்றவர் என்பது விந்தையே.

இதற்கிடையே மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தங்கள் மாவட்டத்தில் காலியாக உள்ள வரலாறு, புவியியல் பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் பின்னடைவுக் காலியிடங்கள் எத்தனை, தற்காலிகமாக நியமிக்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்கள் எந்த இனப்பிரிவினர் என்ற நான்கு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, ‘தகவல் தொகுக்கப்படவில்லை’ என்று வந்தாலோ, முதல் மேல்முறையீட்டை அடுத்த முப்பது நாளுக்குள் செய்துவிட வேண்டும்.