வளைந்த காலும் நிமிர்ந்த நடையும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கைமாறி வருவது நெடுநாளைய வழக்கம். அம்மூட்டைகளைத் தாங்கியவை மனிதரின் முழங்கால்களே. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தினிடையே வீசுவர். பாய்ந்து பற்றியவருக்கே அன்றைய வேலை. அம்முறையை எதிர்த்து 1953-இல் மட்டாஞ்சேரித் தொழிலாளர் போராடினர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிர் துறந்தனர். கால் தளர்ந்தவனுக்குக் கூலியில்லை என்பது அந்நாளைய நியதி. உடலுழைப்பால் வாழ்வோர்க்கு அவ்வச்சம் இன்றும் நீங்கவில்லை. நாற்பது வயதிலேயே முழங்கால் தேய்ந்து வில்போல் வளைந்தால் செய்வது யாது?

நேரான காலில் உடலின் பாரம் மூட்டின் இருபுறமும் பகிர்ந்து இறங்குகிறது. கால் வெளிப்புறமாக வளைந்தால், உட்புறமே பெரும்பாரத்தை ஏற்கிறது. அங்குள்ள குருத்தெலும்பு தேய்கிறது. தேயத் தேய வளைவு மிகுகிறது. வளைவு மிகத் தேய்வும் மிகுகிறது. ஒருபுறம் சரக்கு மிகுந்து சாயும் வள்ளத்தை நாம் மாற்றுவதில்லை, மூட்டைகளையே நகர்த்துகிறோம். இவ்வைத்தியத்தின் தத்துவமும் அதுவே.

இதன் வேர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ளது. புகை சூழ்ந்த அந்நகரில் வெயில் காணாத ஏழைக் குழந்தைகள் பலருக்கு ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு மென்மையுற்றுக் கால்கள் வளைந்தன. லிஸ்டர் கற்பித்த கிருமி நீக்க முறையைக் கைக்கொண்ட வில்லியம் மக்கியூவன், எலும்பை உளியால் வெட்டி நேராக்கினார். 1880-இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

மூட்டுத் தேய்வுற்ற பெரியோர்க்கும் இம்முறை உதவும் என்பதை இங்கிலாந்தின் ஜாக்சன், வா ஆகிய இருவரும் 1961-இல் எழுதினர். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மார்க் கவன்ட்ரி, 1965-இல் கணைக்கால் எலும்பின் மேற்பகுதியிலிருந்து ஆப்பு வடிவத் துண்டொன்றை நீக்கிக் காலை நிமிர்த்தும் முறையை விளக்கினார். அப்பகுதி எலும்பு விரைந்து கூடும் இயல்புடையது.

1970-களில் செயற்கை மூட்டு பரவவே, இம்முறை பின்தங்கியது. எனினும் செயற்கை மூட்டும் தேயும். இளவயதில் பொருத்தினால் மீண்டும் மாற்ற நேரிடலாம். 2000-க்குப் பின், எலும்பை உட்புறம் வெட்டி விரித்து, உறுதியான தகட்டாலும் பூட்டுத் திருகுகளாலும் நிறுத்தும் முறை வளர்ந்ததால், பழைய சிகிச்சை புத்துயிர் பெற்றது.

இஃது எல்லார்க்கும் ஏற்றதன்று. தேய்வு ஒருபுறம் மட்டும் இருத்தல் வேண்டும். மறுபுறம் நன்னிலையில் இருத்தல் வேண்டும். எலும்பு கூடச் சில மாதங்கள் ஆகும்; புகைபிடித்தல் அதனைத் தாமதப்படுத்தும். பயனும் என்றென்றைக்குமன்று. ஆயினும் பிறந்தபோது பெற்ற மூட்டே நிலைத்திருப்பதால், தரையில் அமர்ந்துண்ணவும் குந்தி வேலை செய்யவும் பலருக்கு இயல்கிறது. உழைக்கும் வயதில் பல ஆண்டுகள் தள்ளிக் கிடைப்பதே பெரும் பேறு. ஆதலின், வளைவு முற்றும்வரை எண்ணெய் தடவிக் காத்திராமல், மறுபாதி நலமாயிருக்கும்போதே வைத்தியரை நாடுவது அறிவுடைமையாகும்.