தோம்பு இல்லாத ஊரின் காணி



மடவளையைச் சுற்றியுள்ள மலைகளில் எது தோட்டம், எது அரச காடு, எது ஊராரின் காணி என்று யார் பிரித்தார்கள்? கண்டிப் பகுதியில் இந்தக் கோடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் யாருக்கு எவ்வளவு காணி, எத்தனை மரம், வீட்டில் எத்தனை பேர் என்று தோம்பு எழுதி வைத்தார்கள். கண்டியை அவர்களால் ஆள முடியவில்லை. அதனால் இங்கே தோம்பு இல்லை. அதற்காகக் கணக்கே இருக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ராஜாவின் லேகம் மிட்டிகளில் வயலும் அதற்குரிய ஊழியமும் எழுதப்பட்டிருந்தன. தவளம் மாடு ஓட்டிய நம் முன்னோர் மடிகே ஊழியத்துக்காகக் காணி அனுபவித்ததும் இந்த முறையில்தான். ஆனால் அளவு ஏக்கரில் இல்லை, விதைக்கும் நெல்லில்: அமுணம், லாஹா. சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டி எரித்து விதைக்கும் சேனைக்கு எல்லை வரைய யாருக்கும் தேவை இருக்கவில்லை.

ஆங்கிலேயர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். காடு, தரிசு, பயிரிடாத காணி எல்லாம் மறுதலையாக நிரூபிக்கும் வரை முடிக்குச் சொந்தம் என்றது சட்டம். கண்டிப் பிரதேசத்தில், தோம்பு வைக்கப்படாத இடங்கள் என்று சட்டமே குறிப்பிட்டு, சேனையையும் சேர்த்துக்கொண்டது. சன்னஸ் காட்டு, இல்லாவிட்டால் 20 வருடத்துக்குள் வரியோ ஊழியமோ செலுத்தியதைக் காட்டு. பதிவேடு இல்லாதது கிராமத்தானின் குற்றமா? தண்டனை மட்டும் அவனுக்கு. கோப்பித் தோட்டக்காரருக்கோ ஏக்கர் 5 ஷில்லிங்குக்கும் காணி விற்கப்பட்டது.

1897இல் இன்னொரு சட்டம் வந்தது. அறிவித்தல் போடுவார்கள். 3 மாதத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் காணி அரசுக்கு.

இன்று செய்மதிப் படம் இருக்கிறது. மண்சரிவு அபாய வரைபடத்தை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த பிம் சவியவில் ஒவ்வொரு துண்டையும் அளந்து இலக்கம் போட்டு, வர்த்தமானியில் அறிவித்து உரிமை கோரச் சொல்கிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பாகம் பிரிக்காத காணி நம்மிடம் அதிகம், பங்காளிகளில் பாதிப்பேர் சவூதியிலும் கட்டாரிலும்.

அளவையாளர் வருவதற்கு முன் வாப்பா, உம்மும்மா பெயரிலுள்ள உறுதிகளையும் பழைய பிளேன்களையும் தேடி எடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி அனுப்பி விடுங்கள்.