ஏழு வயதோடு முடியும் தாய்மை

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையை ஒரு கூட்டத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். போரிலிருந்து விலக்கப்படும் பாதுகாப்பு வலயங்களைப் பற்றிப் பேசுகிறது 14ஆம் பிரிவு. அவற்றை அமைத்தே தீரவேண்டும் என்றில்லை, அமைக்கலாம். யாருக்கு இடம்? காயம்பட்டோர், நோயாளிகள், முதியோர், 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "எட்டு வயசுப் புள்ள உள்ள போவும், ஆத்தா வெளியே நிக்கணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இச்சட்டத்தின் வரலாற்றுக்குத் திரும்பினேன்.

1918 நவம்பரில் முதல் உலகப்போர் ஓய்ந்தது. ஜெர்மனி மீதான நேசநாடுகளின் கடல் முற்றுகையோ 1919 ஜூலை வரை ஓயவில்லை. பட்டினிக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையைத் தணிக்கை அனுமதியின்றி வெளியிட்டதற்காக எக்லன்டைன் ஜெப் லண்டனில் கைதானார். 5 பவுன் அபராதம். அவர் வரைந்த குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924இல் சர்வதேச சங்கம் ஏற்றது. ஆனால் பிரகடனம் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது.

கட்டுப்படுத்தும் சட்டம் 1949இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவு முற்றுகையைத் தடைசெய்யவில்லை. முற்றுகைக்குள் ஒரு சிறு வாசலை மட்டும் திறந்தது. மருந்து எல்லாக் குடிமக்களுக்கும் போகலாம். உணவு 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் மட்டும். அதுவும் எதிரிக்குப் பயன்பட்டுவிடும் என அஞ்சக் காரணமிருந்தால் மறுக்கலாம். காரணம் இருக்கிறதா என்று தீர்மானிப்பது யார்? முற்றுகை போட்டவன்தான்.

வீட்டில் உலை ஒன்றுதானே கொதிக்கிறது. அதிலிருந்து யாருக்கு அள்ளிப் போடலாம் என்று வயது பார்க்கிறது சட்டம். அதன் கண்ணில் பெண் கருப்பையாகவும் தாய்ப்பாலாகவுமே தெரிகிறாள். வல்லுறவைத் தடுக்கும் 27ஆம் பிரிவுகூட அதை அவள் 'மானத்தின்' மீதான தாக்குதல் என்றே பெயரிடுகிறது. உடல் அவளுடையது, மானம் யாருடையது?

குடிமக்களைப் பட்டினி போடுவதை ஒரு போர்முறையாகக் கையாளக்கூடாது என்று 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகள் சொல்லின. இந்தியாவும் இலங்கையும் அவற்றில் சேரவில்லை.

சட்டத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை நான். முற்றுகைக்குள் சிக்கியவர்களுக்காக வாதாட இந்தப் பிரிவுகளையும்தான் கையிலெடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எடுக்கும்போதே, வெளியே நிறுத்தப்பட்ட அந்த ஆத்தாவையும் சேர்த்துக் கேட்கவேண்டும். 14ஆம் பிரிவின் ஏழு வயது வரம்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.