ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்தின் வரலாறு

பழைய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஹாஸ்டல் சாம்பாரைத் தொட்டு, குற்றாலத்துச் சீசனைத் தொட்டு, கடைசியில் காமிக்ஸில் வந்து நிற்கும். சாம்பாரைப் பற்றியும் அருவியைப் பற்றியும் இந்த மலரில் எழுத ஆள் உண்டு. காமிக்ஸை நான் எடுத்துக்கொள்கிறேன். காரணம், இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கிற ஒரு கேள்வி. "சார், ஒரு பொம்மைப் புத்தகத்துக்கு நூறு, இருநூறு ரூபாயா? அதிலேயும் பழசு, கிழிஞ்சது, அதுக்கு ஆயிரக்கணக்கிலயா? யார் சார் வாங்குவா?"

நியாயமான கேள்விதான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள் என்பது பாதிப் பதில். மீதிப் பதிலுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

நம்ம ஊருக்கும் தமிழ்க் காமிக்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு ரயில் பாதைதான். விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று வந்து தென்காசியைத் தொடும் பாதை. 1927-இல் போட்டது. எங்கள் காலத்தில் மீட்டர் கேஜ். 2004-இல் அகலப்பாதை ஆனது. அந்தச் சிவகாசியில்தான், தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துக் கைதேர்ந்த ஊரில், 1972-இல் முத்து காமிக்ஸ் பிறந்தது. தொடங்கியவர் சௌந்திரபாண்டியன். முதல் இதழ் "இரும்புக்கை மாயாவி". லண்டனில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962 முதல் வந்த தொடர் அது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியுமே, அவரேதான். பிறந்தது இங்கிலாந்தாக இருந்தாலும் எங்களுக்கு அவர் சிவகாசிக்காரர்.

பிறகு 1984. தமிழ்க் காமிக்ஸுக்கு அதுபோல ஒரு வருஷம் மறுபடி வரவில்லை. அந்த ஜூலை மாதத்தில் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைத் தொடங்கியது. ஜேம்ஸ்பாண்டு கதை "அழகியைத் தேடி", விலை ஒன்றரை ரூபாய். அதே ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் ஆசிரியர். அப்போது அவருக்குப் பதினேழு வயசு! முதல் இதழ் "கத்தி முனையில் மாடஸ்டி". நான் இளங்கலை முதலாண்டு. ஆசிரியர் என்னைவிடச் சின்னப் பையன் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

ஒன்றரை ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியானது என்று பார்ப்போம். படம் ஏற்கெனவே வெளிநாட்டில் வரைந்து முடிந்தது. உரிமைக்கு ராயல்டி கட்டினால் போதும், ஓவியருக்குச் சம்பளம் இல்லை. ஆங்கில வசனம் இருந்த பலூன்களை வெள்ளையடித்துவிட்டுத் தமிழில் கையால் எழுதினார்கள். (நம்முடைய சொல் நீளம், பலூன் சிறிசு. "அய்யோ", "ஆ" என்று பாத்திரங்கள் சுருக்கமாகச் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம்!) காகிதம், பத்திரிகை அச்சடிக்கும் நியூஸ்பிரிண்ட். அட்டை மட்டும் பல வண்ணம், உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேலே, விற்பனை. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் தொங்கும். வாழைத்தாருக்கும் முறுக்குச் சாடிக்கும் நடுவே.

"அண்ணாச்சி, புதுசு வந்துட்டா?"

"காசு வந்துட்டா மொதல்ல?"

அந்தக் காசும் இல்லாதவனுக்கு வாடகை நூல்நிலையம் இருந்தது. ஹாஸ்டலிலோ ஒருத்தன் வாங்கினால் முப்பது பேர் படிப்பான். பாடப் புத்தகத்துக்குள், கட்டிலுக்கடியில், பழைய குற்றாலம் போகிற வழியில் சைக்கிள் கேரியரில் என்று சுற்றி, அட்டை போய், முதல் நாலு பக்கம் போய், கடைசியில் வில்லன் யாரென்று தெரியாமலேயே முடிகிற நிலைக்கு வந்துவிடும். முப்பதாவது ஆளாகப் படித்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய காமிக்ஸ் இன்றைக்கு ஏன் இந்த விலை என்றால், அந்தக் காலத்தில் அதை யாரும் காப்பாற்றவில்லை என்பதால்தான். காப்பாற்றக்கூடிய பொருளாகவும் அது இல்லை. நியூஸ்பிரிண்ட் என்பது மரத்தை அரைத்துச் செய்கிற மலிவான காகிதம். மரத்தில் உள்ள லிக்னின் அப்படியே அதில் தங்கிவிடும். வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், அமிலம் சுரக்கும், மடித்த இடத்தில் ஒடியும். சாதாரண ஊரிலேயே இந்தக் கதி. நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம். ஜூன் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்து இறங்கினால் துவைத்த வேட்டியே நாலு நாள் காயாது. புத்தகம் என்ன பண்ணும்? பூஞ்சை பிடிக்கும், ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். சீசனைக் கொண்டாடுகிறோம். நம் வீட்டுப் பரண்களில் ஒரு முழுச் செட்டாவது மிஞ்சாமல் போனதற்கு அந்தச் சாரலும் ஒரு காரணம்.

தப்பியது பழைய பேப்பர் கடைக்குப் போனது. என் அம்மா என்னுடைய ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் காமிக்ஸைக் கிலோக் கணக்கில் நிறுத்துப் போட்டு, வந்த காசில் எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கினார். நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். தூக்குச்சட்டி இன்னும் இருக்கிறது.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. சூப்பர்மேன் முதன்முதலாக வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 1938, விலை பத்து சென்ட். இரண்டு லட்சம் பிரதி அடித்தார்களாம். இரண்டாம் உலகப்போர் வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பழைய காகிதம் சேகரித்தார்கள்; காமிக்ஸெல்லாம் கூழானது. இன்று மிஞ்சியது நூறு பிரதி அளவில்தான் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் ஒன்று 2024-இல் அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதைப் பார்த்துவிட்டு, "ஆகா, காமிக்ஸ் தங்கம்" என்று எல்லாரும் சேர்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதையும் அவர்களே செய்து காட்டினார்கள். 1992-இல் சூப்பர்மேன் இறக்கிற இதழ் வந்தபோது லட்சக்கணக்கில் வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்தார்கள். எல்லார் வீட்டிலும் புத்தம் புதிதாக இருக்கும் பொருளுக்கு யார் காசு கொடுப்பார்? சந்தை சரிந்தது. 1996 டிசம்பரில் மார்வல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

சரி, பழசுக்கு விலை வந்த கதை இது. புதுசு ஏன் இந்த விலை?

விலைவாசி மேல் பழி போடுவது சுலபம். போட்டுத்தான் பார்ப்போமே. ஆண்டுக்கு ஏழு சதவீதம் ஏறியது என்று வைத்தால், நாற்பது ஆண்டில் பதினைந்து மடங்கு. அன்றைய ஒன்றரை ரூபாய் இன்று இருபத்திரண்டு, இருபத்துமூன்று ரூபாய். ஆக, நூறு ரூபாய்ப் புத்தகத்தில் கால் பங்குக்குத்தான் விலைவாசி பொறுப்பு. மீதியைத் தேட வேண்டிய இடம் பெட்டிக்கடைக் கயிறு. 1990-களின் தொடக்கத்தில் கேபிள் டிவி வந்தது. மாலை நேரம் முழுக்க அங்கே போனது. இந்திரஜால் காமிக்ஸ் 1990-இலேயே நின்றது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. வாடகை நூல்நிலையங்கள் ஒவ்வொன்றாக செல்போன் கடையாயின. வாங்குகிற கை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு, உதாரணத்துக்காக மட்டும் சொல்கிறேன்: ராயல்டி, மொழிபெயர்ப்பு, அச்சுக்குத் தயார் செய்வது எல்லாம் சேர்ந்து அறுபதாயிரம் ரூபாய் என்று வையுங்கள். இருபதாயிரம் பிரதி விற்றால் தலைக்கு மூன்று ரூபாய். ஆயிரம்தான் விற்றால் தலைக்கு அறுபது. காகிதம் வாங்குவதற்கு முன்பே அறுபது! சின்ன எண்ணிக்கையின் சாபம் இது. சிறு பத்திரிகை நடத்திய நம் தமிழ்த்துறை அன்பர்களைக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள்.

இதற்கு மேல் ராயல்டி வெளிநாட்டுப் பணத்தில் போக வேண்டும். 1984-இல் டாலர் சுமார் பதினோரு ரூபாய். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 2024-இல் டாலர் 83 ரூபாயைத் தாண்டியிருந்தது. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, உண்மைதான். ஆனால் காகிதத்துக்கு உண்டு, அது அட்டைவிலைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது.

லயன் - முத்து மட்டும் தாக்குப்பிடித்தது. எப்படி என்பது கவனிக்க வேண்டியது. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு "கம்பேக் ஸ்பெஷல்" என்று நூறு ரூபாய்க்கு ஒன்று போட்டார்கள். அந்த வருஷமே லார்கோ வின்ச் கதை ஆர்ட் பேப்பரில் முழு வண்ணத்தில் வந்தது, அதுவும் நூறு ரூபாய். பெட்டிக்கடையைக் கைவிட்டு, சந்தாவையும் புத்தகக் காட்சியையும் நம்பினார்கள். அதாவது, பத்துப் பைசா லாபத்தில் ஊரெல்லாம் விற்பதை விட்டுவிட்டு, தேடி வருகிற சிலருக்கு நல்ல தாளில் கொடுப்பது. வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த விலையில் கொள்ளை எதுவும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஒன்று போய்விட்டது. காசு இல்லாத பையன் போய்விட்டான். முப்பதாவது ஆளாகப் படித்தவன் இந்த வியாபாரத்தில் எங்குமே இல்லை. வழவழ தாளில் கொளுகொளுவென்று இருக்கும் புத்தகத்தை முப்பது பேருக்குச் சுற்றில் விட யாருக்கு மனசு வரும்?

கடைசியாக 2010-இல் வந்த "இரத்தப் படலம்" ஜம்போ ஸ்பெஷலைச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு பாகமும் ஒரே புத்தகமாக, கறுப்பு வெள்ளையில், செங்கல் கனத்தில் இருநூறு ரூபாய்க்கு வந்தது. அளவாகத்தான் அச்சடித்தார்கள். கொஞ்ச நாளில் ஆயிரக்கணக்கில் விலை பேசினார்கள். 2018-இல் அதே கதை வண்ணத்தில் மறுபடி வந்துவிட்டது. கதை படிக்க வேண்டும் என்றால் வழி கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கறுப்பு வெள்ளைச் செங்கலைத் தேடுகிறவர்கள் இன்னும் தேடுகிறார்கள். மாயாவிக்கும் இதே நிலைமை. மறுபதிப்பு எத்தனையோ முறை வந்துவிட்டது, அதற்கு யாரும் ஆயிரம் தருவதில்லை. அன்றைய அட்டை, அன்றைய விலை அச்சிட்ட மூலை, அந்த மஞ்சள் தாள், இதற்குத்தான் காசு. பத்து வாங்கிப் பதுக்கி, பிறகு பத்து மடங்குக்கு விற்கிற ஆசாமிகள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அவர்களில் சிலர் பதுக்காமல் இருந்திருந்தால் சில இதழ்கள் இன்று பார்க்கவே கிடைத்திருக்காது என்பதையும் மறுக்க முடியாது.

ஆகையால் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்குப் பரண் ஒழிக்கும்போது கட்டை அப்படியே எடைக்குப் போடாமல் அவிழ்த்துப் பாருங்கள். பழைய காமிக்ஸ் இருந்தால், அட்டை இல்லாவிட்டாலும் சரி, கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தால் ஒரு அலமாரியாவது சேரும். மாணவர்கள் காசில்லாமல் படிப்பார்கள். கொடுப்பதற்கு முன் துருப்பிடித்த கம்பியை மெதுவாகக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். செலோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள், பசை பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் தரையிலோ வெளிச் சுவரை ஒட்டியோ வைக்க வேண்டாம். சாரல் நின்று வெயில் வந்ததும் ஒரு தரம் நிழலில் காற்றாட விரித்துவைத்தால் போதும்.