லொள்ளு சபாவை எந்த வடிவத்தில் பார்ப்பது?

நல்லூர் வீட்டுப் பரணில் ஒரு விஎச்எஸ் கேசட் கிடைத்தது. உள்ளே, 2000-களில் விஜய் டிவியில் வந்த, ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா'. கேசட் காந்தம் மங்குவதற்குள் கம்ப்யூட்டருக்கு மாத்திடணும். எந்த வடிவத்தில்?

அன்றைய நம் ஒளிபரப்பு பால் முறை: 625 வரிகள், அதில் படத்துக்கு 576; வினாடிக்கு 25 பிரேம். ஒவ்வொரு பிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதியாக வரும். ஆக, வினாடிக்கு 50 அசைவுகள்.

1993-ல் வந்த விசிடி, 352×288 அளவில் 25 படங்களை மட்டுமே வைத்தது. பாதி அசைவு போச்சு! டிவிடியின் எம்பெக்-2, 720×576-ல் ஐம்பதையும் காப்பாற்றியது.

காமெடிக்கு இது சின்ன விஷயமில்லை. மனோகரின் உடல் ஆட்டத்தில் பாதியை எடுத்துட்டா என்ன மிஞ்சும்? அகலத்திரைக்காக 4:3 படத்தை 16:9 ஆக வெட்டினால், உயரத்தில் கால்வாசி காலி. ஓரத்தில் நிற்பவர் பிழைப்பார். தலையோ காலோ போயிடும்.

என் முடிவு: மூலத்தை 720×576-ல், இரட்டைப் பாதிகளோடு அப்படியே சேமிப்பது. பார்ப்பதற்கு மட்டும் 50 பிரேம், 4:3-ல் தனிப் பிரதி. மூலப் பிரதி இருந்தால் நாளைக்கு வேறு வடிவம் எடுத்துக்கலாம். தொலைத்த அசைவை எந்த மென்பொருளும் திருப்பித் தராது, ஊகிக்கத்தான் செய்யும்.