குடிசார் பொறியியல் பட்டப்படிப்பும் தமிழும்: கிண்டிப் பொறியியல் கல்லூரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பொறியியலின் கிளைகளுள் தமிழில் ஒரே பெயர் நிலைபெறாத கிளை 'சிவில் எஞ்சினியரிங்' ஆகும். கட்டடப் பொறியியல், கட்டுமானப் பொறியியல், அமைப்பியல், குடிசார் பொறியியல் எனப் பல பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. முதலிரண்டும் துறையின் பரப்பைக் குறுக்குகின்றன. ஏரியும் வாய்க்காலும் சாலையும் கழிவுநீர்ப் போக்கும் அவற்றுள் அடங்குவதில்லை. குடிசார் என்பது மூலப்பொருளுக்கு அணுக்கமானது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோட்டையும் அகழியும் அமைத்த படைப்பொறியாளரினின்று தம்மை வேறுபடுத்திக் காட்டவே ஜான் ஸ்மீட்டன் போன்றோர் அப்பெயரைச் சூடிக்கொண்டனர். சென்னை மாகாணத்திலோ இப்பெயர் முரணாகவே அமைந்தது. இங்கு ஏரிகளையும் அணைகளையும் ஆய்ந்து செப்பனிட்டோருள் தலைமையிடம் வகித்தவர்கள், ஆர்தர் காட்டன் உள்ளிட்ட படைப்பொறியாளர்களே.

குடிசார் பொறியியலை இளநிலைப் பட்ட அளவில் தமிழில் பயிற்றுவிப்பதற்குக் கலைச்சொற் பற்றாக்குறையே தடை என்ற கருத்து நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இப்பட்டப்படிப்பு சென்னையில் உருவாகி வளர்ந்த வரலாறு அக்கருத்துக்குத் துணைநிற்கிறதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அளவைப் பள்ளி முதல் கல்லூரி வரை

1794ஆம் ஆண்டு, கும்பினியின் வானியலாளராக இருந்த மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்த மாணவர் எண்மர். ஆதரவற்ற சிறுவர்க்கான காப்பகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஐரோப்பியத் தந்தையர்க்கு இந்நாட்டிற் பிறந்த அச்சிறுவர்க்குச் சங்கிலி பிடிக்கவும் கோணம் அளக்கவும் படம் வரையவும் கற்பிக்கப்பட்டது. வரி விதிக்க நிலத்தின் அளவு வேண்டும். அளக்க ஆள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆள் தருவிப்பது செலவு மிக்கது. பள்ளியின் தோற்றத்திற்கு இதனினும் பெரிய கல்வி நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த திருப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நேர்ந்தது. சென்னை மாகாணப் பொதுப்பணிகளின் நிலையை ஆராய்ந்த ஆணையக்குழு 1852இல் தன் முதல் அறிக்கையை அளித்தது. அதே ஆண்டில் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரம் அணைக்கட்டு நிறைவடைந்தது. பாசனத்தில் முதலிட்டால் வருவாய் பெருகும் என்பது அரசுக்குத் தெளிவாயிற்று. வடக்கே கங்கைக் கால்வாய்ப் பணிக்கு ஆள் பயிற்றுவிக்க 1847இலேயே ரூர்க்கியில் கல்லூரி தோன்றியிருந்தது. சென்னை அளவைப் பள்ளி 1858இல் குடிசார் பொறியியல் பள்ளியாகவும், அடுத்த ஆண்டில் கல்லூரியாகவும் மாறியது. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இளநிலைப் பட்டம் வழங்கும் நிலையையும் பின்னர் எய்தியது. அப்பட்டம் தொடக்கத்தில் பி.சி.இ. என்றும் பிற்காலத்தில் பி.இ. என்றும் வழங்கியது. சேப்பாக்கத்தில் நெடுங்காலம் இயங்கிய கல்லூரி 1920இல் கிண்டிக்குப் பெயர்ந்தது.

1858ஆம் ஆண்டு மற்றொரு காரணத்தாலும் நோக்கத்தக்கது. கட்டாய உழைப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது அவ்வாண்டில்தான். வெள்ளத்தால் கரை உடையும் வேளையில் ஊரார் உழைப்பை அரசு கட்டாயமாகப் பெறவும், குடிமராமத்து என வழங்கிய மரபுவழி உழைப்பைச் சட்டத்தின் துணையால் வற்புறுத்தவும் அது வழிசெய்தது. ஏரியைப் பற்றிய அறிவு பள்ளிக்கும் துறைக்கும் உரியதாயிற்று. ஏரிக்கான உழைப்பு ஊரிடமே விடப்பட்டது. இரண்டையும் ஒரே திட்டத்தின் இரு கூறுகளாகக் கொள்ளச் சான்றில்லை. ஆயினும் இப்பிரிவினை பட்டப்படிப்பின் பிற்கால அமைப்பில் ஆழமாகப் பதிந்தது.

பாடத்துள் புகுந்த தமிழ்

இந்நிலத்தில் நீர் மேலாண்மை அறிவு கல்லூரியோடு தோன்றியதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தை ஊர்ச்சபையின் தனி உறுப்பாகக் குறிக்கின்றன. ஏறத்தாழ 39,000 ஏரிகளைக் கொண்ட தமிழ்நாட்டில் தூம்பு, மதகு, மடை, கலிங்கு, வாய்த்தலை, ஆயக்கட்டு என உறுப்புதோறும் பெயர் இருந்தது. மடை திறந்து நீர் பகிர்ந்தளிக்கும் நீர்க்கட்டி போன்ற பணியாளர்க்கும் பெயர் இருந்தது.

ஆங்கிலப் பொறியாளர் இவ்வறிவைப் புறக்கணித்தனர் என்று பொதுப்படக் கூறுவது பிழையாகும். ஆழம் காணவொண்ணாத மணலில் கடைக்கால் அமைக்கும் முறையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். கல்லணை அவருக்குக் காட்டிய உண்மை அது. 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் எழுந்த மேலணையும் பின்னர்க் கோதாவரி அணைக்கட்டும் அப்பாடத்தின் பயன்களாகும். கற்ற பொருளோடு சொல்லும் சென்றது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அணைக்கட்டு 'அனிகட்' எனவும் கலிங்கல் 'கலிங்குலா' எனவும் ஆங்கிலச் சொற்களாக இடம்பெற்றன. ஆயக்கட்டு 'அயகட்' என இந்தியா முழுதும் பாசனத் துறையின் அலுவல் வழக்காகிவிட்டது. முல்லின்ஸ் 1890இல் வெளியிட்ட பாசனக் கையேடும், எல்லிஸ் எழுதி 1931இல் வெளிவந்த கல்லூரிப் பாசனக் கையேடும் இத்தகைய ஏரிகளையும் அணைக்கட்டுகளையும் அடிப்படையாகக் கொண்டே பாடம் சொல்லின.

மாகாணத்தின் மண்ணும் மழையும் வாய்பாடுகளிலும் பதிந்தன. 1884இல் ரைவ்ஸ் வகுத்த வெள்ளப்பெருக்கு வாய்பாடு இதற்குச் சிறந்த சான்று. நீர்ப்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு கெழுவால் பெருக்கினால் உச்ச வெள்ளம் கிடைக்கும். மெட்ரிக் அளவையில் அக்கெழு கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5, மலையடுத்த குறுகிய பகுதிகளில் 10.2. இந்தியாவில் நீரியல் பயிலும் இளநிலை மாணவர் இவ்வெண்களை இன்றும் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். கெழு மாறுவது ஏன் என்ற வினாவுக்கு விடை தென்னிந்தியக் கடற்கரையின் புயல்மழையிலும் மலைச்சரிவிலும் உள்ளது. பாடநூலில் அது வெறும் அட்டவணையாகச் சுருங்கிவிட்டது.

ஆகவே, கலைச்சொற் பற்றாக்குறை என்ற வாதம் பாசனப் பொறியியலைப் பொறுத்தவரை தலைகீழானது. சொல் இல்லாத மொழி ஆங்கிலமாகவும் கொடுத்த மொழி தமிழாகவும் இருந்தன. வலிவூட்டிய கற்காரை, மண் இயக்கவியல் முதலிய பிற்காலப் பாடங்களுக்கு இக்கூற்று பொருந்தாது என்பதையும் உடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டமும் படிநிலையும்

சொல் கொடுத்தவர்க்குப் பட்டம் கிட்டவில்லை. கல்லூரி தொடக்கத்திலிருந்தே ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு நிலையினரைப் பயிற்றுவித்தது. பட்ட வகுப்பு பொறியாளரையும், கீழ்வகுப்புகள் மேற்பார்வையாளரையும் வரைவாளரையும் உருவாக்கின. 'ஓவர்சியர்' என்னும் சொல் தமிழ்ப் பேச்சில் வேரூன்றியது இவ்வமைப்பின் வழியே. பட்ட வகுப்பினர்க்கும் மேலே ஒரு படி இருந்தது. இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில்லில் 1870களின் தொடக்கம் முதல் 1906 வரை இயங்கிய கல்லூரி, இந்தியப் பொதுப்பணித் துறையின் உயர்பதவிகளுக்கென்றே இளைஞரைப் பயிற்றுவித்து அனுப்பியது. இந்தியக் கல்லூரிகளில் தேறியோர்க்கு அப்பதவிகளுள் உறுதி செய்யப்பட்டவை மிகச் சிலவே. எனவே சென்னையில் பட்டம் பெற்றவர் தமக்கு மேலே கூப்பர்ஸ் ஹில் பொறியாளரையும் கீழே ஓவர்சியரையும் மேஸ்திரியையும் கண்டார். மேல்நோக்கிப் பேச ஆங்கிலமும் கீழ்நோக்கி ஆணையிடத் தமிழும் அவருக்குப் பயன்பட்டன. பயிற்றுமொழிச் சிக்கலின் வேர் இவ்விடத்தில்தான் தேடப்பட வேண்டும்.

பணிக்களத்தின் மொழி வேறாகவே இருந்தது. ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், கரணை, மட்டப்பலகை என்னும் சொற்களைக் கொத்தனாரும் சித்தாளும் நாள்தோறும் வழங்கினர். இவற்றுள் எதுவும் பட்டத் தேர்வின் வினாத்தாளுக்குத் தேவைப்படவில்லை. மாணவர்கள் ஊர்ப்புறத்தில் தங்கிச் சங்கிலியும் தியோடலைட்டும் கொண்டு அளக்கும் அளவை முகாம் இவ்விரு உலகங்களும் சந்திக்கும் அரிய இடமாகும். 1794இன் பள்ளி விட்டுச்சென்ற கூறு அது. கருவிகள் மாறியபோதும் பாடத்திட்டத்தில் நீடித்து வருகிறது.

படிநிலையின் மற்றொரு தடை 1940களின் முற்பகுதியில் தளர்ந்தது. முதல்வர் கே.சி. சாக்கோவின் ஆதரவோடு ஏ. லலிதா மின்பொறியியலிலும், பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகியோர் குடிசார் பொறியியலிலும் சேர்ந்து பட்டம் பெற்றனர். ஆண்பாற் சுட்டுடன் அச்சிடப்பட்டிருந்த சான்றிதழில் அச்சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சுட்டைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. த்ரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். பட்டப் படிப்பில் யாருக்கு இடமுண்டு என்பது அறிவின் இயல்பால் அன்றி நிறுவனத்தின் முடிவால் அமைவது என்பதற்கு அச்சான்றிதழினும் தெளிந்த ஆவணம் வேண்டுவதில்லை.

தமிழ்வழிப் பட்டப்படிப்பு

1978இல் கிண்டிக் கல்லூரி பிற மூன்று நிறுவனங்களோடு இணைந்து அண்ணா பல்கலைக்கழகமாயிற்று. 1980களில் அதன் துணைவேந்தராக விளங்கிய வா.செ. குழந்தைசாமி நீரியலில் இலினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர். எழுத்துச் சீர்திருத்தத்திற்கும் அறிவியல் தமிழுக்கும் உழைத்தவர். அவர் காலத்திலும் பட்ட வகுப்பு ஆங்கிலவழியிலேயே தொடர்ந்தது. தமிழில் வல்ல நீரியலறிஞர் தலைமையிலேயே பயிற்றுமொழி மாறாதது, தடை மொழியறிவில் இல்லை என்பதற்கு மற்றுமொரு சான்றாகும்.

மாற்றம் 2010இல் வந்தது. அவ்வாண்டில் குடிசார் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. அவ்வாண்டிலேயே தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. படிப்பையும் வேலையையும் ஒருசேரக் கருதிய இந்நடவடிக்கை 1850களின் தருக்கத்தையே மறுதிசையில் பின்பற்றியது எனலாம். அன்று துறைக்கு ஆள் தேவைப்பட்டதால் கல்லூரி தோன்றியது. இன்று பதவி இருந்தால் தமிழ்வழி வகுப்பு நிலைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2020இன் திருத்தம் அம்முன்னுரிமையைப் பள்ளிக்கல்வி தொட்டே தமிழில் பயின்றோர்க்கு வரையறுத்தது.

எதிர்பார்ப்பு முழுதும் நிறைவேறவில்லை. 2023 மே மாதத்தில் மாணவர் சேர்க்கைக் குறைவைக் காட்டி, உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் இத்தமிழ்வழிப் படிப்புகளை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அவ்விவாதத்தில் கலைச்சொல் பற்றிய பழைய வாதமே மீண்டும் பெரிதாக ஒலித்தது. உண்மையில் மாணவரும் பெற்றோரும் அஞ்சியது வேறொன்றை. அரசுப் பணியிடங்கள் சிலவே. தனியார் ஒப்பந்தங்களும் வரைபடங்களும் விலைப்புள்ளிகளும் ஆங்கிலத்தில் உள்ளன. கற்காரைக் கட்டமைப்புக்கு அடிப்படையான இந்தியத் தர விதித்தொகுப்பு 456 அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே புரட்டப்படுகிறது. நான்காண்டு தமிழில் பயின்ற மாணவர் முதல் நாள் பணியில் எதிர்கொள்ளும் நூல் அது. அதன் தமிழாக்கம் அலுவலக மேசைக்கு வராதவரை, வகுப்பறைக்கென எத்தனை பாடநூல்கள் எழுதப்பட்டாலும் சேர்க்கைப் பட்டியலில் பெரிய மாற்றம் நேராது. அதே அலுவலகத்தில் ஏரிச் செப்பனீட்டுக்கான மதிப்பீட்டுத் தாளில் கலிங்குலாவும் அயகட்டும் ஆங்கில எழுத்தில் இன்றும் எழுதப்படுகின்றன.