கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரம்

பச்சிளங்குழந்தையின் மண்டையோடு பல எலும்புத் தகடுகளால் ஆனது. மூளை வளர வளர அவை விலகி இடம் கொடுக்க, நடுவே நார்த்திசுவாலான பொருத்துகள் உண்டு. ஏறத்தாழ 2000 முதல் 2500 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்பொருத்துகளில் ஒன்றோ பலவோ காலத்துக்கு முன்பே எலும்பாக இறுகிவிடுகின்றன. தலை கோணலாக வளர்கிறது. சிலருக்கு மூளையின் மீதான அழுத்தமும் கூடுகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் டெஸ்ஸியே 1967இல் ரோம் மாநாட்டில் தம் முறைகளை வெளியிட்ட பிறகு, மண்டையையும் முகத்தையும் சேர்த்துச் சீரமைக்கும் அறுவை தனித் துறையாகவே வளர்ந்தது. இந்த அறுவையில் நோய்த்தடுப்புக்காகத் தரும் ஆன்டிபயாடிக்கைப் பற்றியே இக்கட்டுரை. அதை எப்போது தொடங்குகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்ற இரண்டிலும் நம் மருத்துவமனைகள் இன்னும் கண்டிப்பு காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காதிலிருந்து காதுவரை தலைத்தோலை நெளிநெளியாகக் கீறுகிறார்கள். முடி வளர்ந்ததும் தழும்பு மறைந்துவிடும். நெற்றி எலும்பைத் துண்டாக வெளியே எடுத்து, பக்கத்து மேசையில் வைத்து வெட்டி வளைத்து, கரையும் தகடுகளால் மீண்டும் பொருத்துகிறார்கள். உடலை விட்டுப் பிரிந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. பொருத்திய பிறகு நரம்பு வழியே எவ்வளவு மருந்து ஏற்றினாலும், புது ரத்தக்குழாய்கள் வளரும்வரை அதற்குள் மருந்து சரிவரப் போய்ச் சேராது. ஆகவே எலும்பைப் பிரிக்கும் முன்பே அதற்குள் மருந்து ஊறியிருக்க வேண்டும்.

நேரத்தின் அருமையை முதலில் தெளிவாகக் காட்டியவர் பாஸ்டன் நகரின் ஜான் பர்க். பின்னாளில் தீக்காயத்துக்கான செயற்கைத் தோலை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே. கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும்போதே மருந்து திசுவில் இருந்தால் புண் மிகச் சிறிது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பயனே இல்லை. 1961இல் அவர் எழுதியதை, 1992இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 2847 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு மனிதரிலும் காட்டியது. கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் காயத் தொற்று 0.6 சதவீதம், அதற்கும் முன்னதாகப் பெற்றவர்களில் 3.8 சதவீதம்.

இன்று செஃபாசோலின் என்ற ஆன்டிபயாடிக்கின் அளவு கிலோவுக்கு 30 மி.கி., கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள். எட்டுக் கிலோ குழந்தைக்கு 240 மி.கி. அறுவை நீண்டால் நான்கு மணி நேரத்தில் மறுபடியும் கொடுக்க வேண்டும். வான்கோமைசின் மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து. அதை இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். கடிகாரத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. 1500 மி.லி. ரத்தம் போனால் மருந்தை மறுபடியும் கொடு என்பது பெரியவர்களுக்கான அளவுகோல். எட்டுக் கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 640 மி.லி.தான். இந்த அறுவையில் அதில் கணிசமான பங்கு போய், வெளியிலிருந்து ரத்தம் ஏற்றுவது சாதாரணம். இழந்த ரத்தத்தோடு மருந்தும் போகிறது. ரத்தப் பையைத் தொங்கவிடும்போதே மருந்தைப் பற்றியும் கேட்கும் மயக்கவியல் மருத்துவர், அந்தக் குழந்தைக்குப் பெரிய உதவி செய்கிறார்.

அடுத்தது நிறுத்துவது. தோலைத் தைத்து முடித்த பின் தடுப்பு மருந்தைத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. சுத்தமான அறுவைகளில் வடிகுழாய் இருந்தாலும்கூடக் கூடுதல் வேளை தேவையில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் சொன்னது. ஆனாலும் ஐந்து நாள், ஏழு நாள் என்று மருந்து தொடரும் வார்டுகள் உண்டு. முக்கியக் காரணம் காய்ச்சல். மண்டையோட்டு அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் காய்ச்சல் வருவது சகஜம். பெரும்பாலும் அது தொற்றினால் வருவதில்லை. அந்தப் பயத்தில் நீட்டிய மருந்து வயிற்றுப்போக்கைத் தரும், குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் குலைக்கும், எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளுக்கு இடம் விடும். மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள, இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012இல் கூடி வகுத்த திட்டத்துக்கே ‘சென்னைப் பிரகடனம்’ என்றுதான் பெயர். அத்தகைய கிருமிகளை வளரவிடாத பொறுப்பு நம் வார்டுகளுக்குக் கூடுதலாகவே உண்டு.

ஒரு விலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். நெற்றியையும் நடுமுகத்தையும் ஒருசேர முன்னகர்த்தும் அறுவையில் மூக்குக்கும் மூளையுறைக்கும் இடையே வழி திறந்துகொள்கிறது. தொற்று அபாயமும் கூடுகிறது. அங்கே மூக்கில் வாழும் கிருமிகளையும் கணக்கிட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்து, சற்று நீட்டிக்கும் மருத்துவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது, “ஆன்டிபயாடிக் சிரப் எதுவும் எழுதலையே டாக்டர்?” என்று தாய் கேட்பார். நியாயமான கேள்வி; உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். தேவையான மருந்து தியேட்டரிலேயே உள்ளே போய்விட்டது என்பதைச் சொல்லலாம். தையலைச் சுற்றிச் சிவப்பு கூடினாலோ, நீரோ சீழோ கசிந்தாலோ, இறங்கிய வீக்கம் மறுபடி ஏறினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, எந்த எண்ணில் யாரை அழைப்பது என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கலாம்.